4294967297 பகா எண்ணா?

கேள்வி: 4294967297 பகா எண்ணா என்று அறிய 3, 7, 11, 13 ஆகியவற்றின் வகுபடும் விதிகளைப் பயன்படுத்திப் பார்த்தேன், எதனாலும் மீதியின்றி வகுபடவில்லை. கணினி இல்லாமல், தாளிலேயே முடிவு காண வழி உண்டா?

பதில்: உண்டு. இது பகு எண்தான். ஆனால் இதன் மிகச் சிறிய பகாக் காரணி 641 என்பதால், பகா எண்களை வரிசையாக எடுத்து வகுத்துக்கொண்டே சென்றால் 116ஆவது முயற்சியில்தான் விடை கிட்டும். அவ்வளவு உழைக்கத் தேவையில்லை. உங்கள் எண் 2³² + 1 என்ற வடிவில் அமைந்திருக்கிறது என்பதைக் கவனித்தால் வேலை வெகுவாகக் குறைந்துவிடும்.

p என்ற பகா எண் இதனை வகுப்பதாகக் கொள்வோம். அப்போது 2³²-ஐ p-ஆல் வகுக்க மீதி −1 (அதாவது p − 1) ஆகிறது. வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-க்கு மீதி 1. ஆகவே மீதி 1 தரும் 2-இன் மிகச் சிறிய அடுக்கு 64-இன் காரணியாக இருக்க வேண்டும். 32-இலோ அதன் காரணிகளிலோ அது அமைந்திருந்தால் 2³²-க்கும் மீதி 1 வந்திருக்கும் என்பதால், அந்த அடுக்கு 64-ஏ. கணிதவியலாளர் ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி 2-இன் (p − 1)ஆம் அடுக்கும் மீதி 1 தருவதால், p − 1 என்பது 64-ஆல் வகுபட்டாக வேண்டும். இவ்வகையில் 641 வரை உள்ள பகா எண்கள் 193, 257, 449, 577, 641 ஆகிய ஐந்து மட்டுமே. ஐந்தாவது வகுத்தலில் மீதி மறைகிறது: 641 × 6700417 = 4294967297.

2-இன் அடுக்கு 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துச் செல்ல, அதனுடன் 1 கூட்டிக் கிடைக்கும் இவ்வடிவ எண்கள் (3, 5, 17, 257, 65537 என்று தொடர்பவை) எல்லாம் பகா எண்களே என்று ஃபெர்மா நம்பினார். 1732இல் கணிதவியலாளர் ஆய்லர் இந்த 641-ஐக் கண்டறிந்து அந்த நம்பிக்கையைத் தகர்த்தார். மேலே நாம் பயன்படுத்திய தேற்றம் ஃபெர்மாவுடையதே என்பதுதான் வேடிக்கை.

பெரிய வகுத்தலில் பிழை நேருமென்று அஞ்சினால், வகுக்காமலேயே சரிபார்க்கலாம். 641 = 5 × 2⁷ + 1 என்பதால் 5 × 2⁷-க்கு மீதி −1; நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. மறுபுறம் 641 = 5⁴ + 2⁴ என்பதால் 5⁴-இன் இடத்தில் −2⁴-ஐ வைக்கலாம். எனவே −2³²-க்கு மீதி 1; அதாவது 2³² + 1 என்பது 641-ஆல் வகுபடும்.

எஞ்சியிருக்கும் 6700417-இன் வர்க்கமூலம் 2589-க்குச் சற்றுக் குறைவு. அதன் பகாக் காரணிகளும் 64-ஆல் வகுக்க மீதி 1 தருபவையே ஆதலால் சோதிக்க வேண்டியவை மிகச் சிலவே. எதுவும் வகுக்காது, ஆகவே அதுவும் பகா எண். உங்கள் எண்ணுக்கு 1, 641, 6700417, அந்த எண் என நான்கு காரணிகள் மட்டுமே உள்ளன.