கென்டக்கி டெர்பிக்கு 200 டாலர்: எதில், எப்படிக் கட்டுவது?

கேள்வி: மே மாதம் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்துக்காக நண்பர்கள் நான்கு பேர் அமெரிக்காவின் லூயிவில் நகருக்குப் போகிறோம். வெள்ளிக்கிழமை ஓக்ஸ் (பெண் குதிரைகளின் ரேஸ்), சனிக்கிழமை டெர்பி இரண்டுக்கும் டிக்கெட் வாங்கியாயிற்று. யாரும் இதுவரை குதிரைமேல் பணம் கட்டியதில்லை. தலைக்கு 200 டாலர் ஒதுக்கியிருக்கிறோம். எப்படித் தயாராவது?

பதில்: அந்த 200 டாலர் மொத்தமும் போனாலும் பரவாயில்லை என்றால் மட்டும் கொண்டு போங்கள். ஓக்ஸ் நாளுக்கு 60, சனிக்கிழமையின் மற்ற ரேஸ்களுக்கு 60, டெர்பிக்கு 80 என்று மூன்று உறைகளில் ரொக்கமாகப் பிரித்து வையுங்கள். சனிக்கிழமை ரேஸ்கள் காலையிலேயே தொடங்கினாலும், மாலை ஏறக்குறைய 7 மணிக்குத்தான் டெர்பி ஓடும். அதற்குள் பத்துக்கு மேற்பட்ட ரேஸ் முடிந்திருக்கும். புதிதாக வருபவர்களில் பலர் மதியத்துக்குள்ளேயே கையைக் காலி செய்துவிடுவதால்தான் இந்த ஏற்பாடு.

பந்தயம் நடக்கும் சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில் புக்கி (தானே விலை சொல்லிப் பந்தயம் வாங்குபவர்) கிடையாது. எல்லோரும் கட்டும் பணம் ஒரே தொகுப்பில் சேரும். மைதானம் தன் பங்கை (பந்தய வகையைப் பொறுத்துச் சுமார் 17 முதல் 22 விழுக்காடு) எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். ஆகவே நீங்கள் கட்டும்போது பலகையில் தெரிகிற விலை (ஜெயித்தால் பணம் கிடைக்கும் விகிதம்) உங்கள் விலை அல்ல. குதிரைகள் புறப்படும் கேட் திறக்கும்போது நிற்கிற விலைதான் கணக்கு. புரோகிராமில் (அன்றைய ரேஸ்களின் கையேட்டில்) அச்சாகியிருப்பது வெறும் முன்கணிப்பு. 5-2 என்றால் 2 டாலருக்கு அசலோடு சேர்த்து 7 டாலர் வரும்.

வின் என்றால் முதலிடம். பிளேஸ் என்றால் முதல் இரண்டுக்குள், ஷோ என்றால் முதல் மூன்றுக்குள். எக்ஸாக்டா முதல் இரண்டு குதிரைகளை வரிசைப்படி சொல்வது. டிரைஃபெக்டா முதல் மூன்றை. பாக்ஸ் போட்டால் எந்த வரிசையில் வந்தாலும் சரி, ஆனால் செலவு எகிறும். 1 டாலர் டிரைஃபெக்டா பாக்ஸ் 4 குதிரைக்கு 24 டாலர், 5 குதிரைக்கு 60, 6 குதிரைக்கு 120. டெர்பியில் 20 குதிரைகள் ஓடினால் முதல் மூன்று இடங்கள் 6,840 விதமாக அமையலாம். அதனால் டெர்பிக்கான 80 டாலரில் பாதியை வின்னில் வைப்பதே எங்கள் பரிந்துரை. இரண்டு குதிரைகள்மேல் தலா 20 டாலர் வின். அவற்றில் ஒன்றை மையமாக வைத்து, வேறு நான்கு குதிரைகளோடு மேலும் கீழுமாக (அது முதலாகவும் மற்றது இரண்டாவதாகவும், பிறகு மாற்றியும்) 2 டாலர் எக்ஸாக்டா, எட்டுச் சேர்க்கைக்கு 16 டாலர். மிச்சம் 24-க்கு ஆசைப்பட்டால் ஒரு டிரைஃபெக்டா பாக்ஸ். சரியாக 80.

குதிரையை எப்படித் தேர்ந்தெடுப்பது? டெர்பியின் தூரம் ஒன்றேகால் மைல், அதாவது சுமார் 2,012 மீட்டர். ஓடுவதெல்லாம் மூன்று வயதுக் குதிரைகள். பெரும்பாலானவை அவ்வளவு தூரம் அதுவரை ஓடியதே இல்லை. புளோரிடா டெர்பி, புளூ கிராஸ் போன்ற தகுதி ரேஸ்களின் வீடியோவில் ஜெயித்த குதிரையை மட்டும் பார்க்காதீர்கள். கடைசிக் கட்டத்தில் பின்னாலிருந்து இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தது எது என்று பாருங்கள். முன்னால் பாயும் பழக்கமுள்ளவை நான்கைந்து இருந்தால் ஒன்றையொன்று துரத்தியே களைத்துவிடும். 2022-இல் முதல் கால் மைல் 21.78 விநாடியில் போனது. முன்னால் ஓடியவை தளர, பின்னாலிருந்து வந்த ரிச் ஸ்ட்ரைக் 80-1 விலையில் ஜெயித்தது. 2019 முதல் 2025 வரை ஃபேவரிட் (அதிகப் பணம் கட்டப்பட்ட குதிரை) ஒன்றுகூட முதலில் வரவில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளும் ஃபேவரிட்தான் ஜெயித்தது. இரண்டையும் விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த ரிச் ஸ்ட்ரைக் காத்திருப்புப் பட்டியலில் இருந்த குதிரை. முந்தைய நாள் காலை ஒரு குதிரை விலகியதால் உள்ளே வந்தது. சேணத்துணியில் இருந்த எண் 21, ஆனால் புறப்பட்டது கேட்டின் 20-ஆம் கட்டத்திலிருந்து. சீட்டில் எழுதப்படுவது எப்போதும் துணி எண்தான். கவுண்டரில் இதே வரிசையில் சொல்லுங்கள்: "சர்ச்சில் டவுன்ஸ், 12-ஆவது ரேஸ், 20 டாலர், வின், 8." ரேஸ் எண்ணைப் புரோகிராமில் பார்த்துச் சொல்லுங்கள். நகர்வதற்கு முன் சீட்டில் ரேஸ், தொகை, வகை, எண் நான்கையும் படித்துவிடுங்கள். அங்கேயே சொன்னால் திருத்தித் தருவார்கள், கேட் திறந்தபின் முடியாது. டெர்பி சீட்டை மதியத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். மாலையில் வரிசை நகராது.

ரேஸ் முடிந்ததும் சீட்டைக் கிழிக்காதீர்கள். 2019-இல் முதலில் வந்த மேக்ஸிமம் செக்யூரிட்டியைக் குறுக்கே வந்ததற்காகக் கீழிறக்க, நடுவர்களுக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஆனது. 65-1 விலையிலிருந்த கன்ட்ரி ஹவுஸ் வெற்றி பெற்றதாக அறிவித்தார்கள். 2 டாலர் வின் சீட்டுக்குக் கிடைத்தது 132.40 டாலர். முடிவு அதிகாரபூர்வம் என்று பலகையில் வரும்வரை சீட்டு பையிலேயே இருக்கட்டும்.

மழைக்கு மெல்லிய மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். குடைக்கு அனுமதியில்லை. தடம் சேறானால், புரோகிராமில் ஈரத்தடத்தில் ஓடிய பழைய முடிவுகளைத் தேடிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை பெண் குதிரைகளின் ரேஸ். இளஞ்சிவப்பில் உடுத்துவது வழக்கம். சனிக்கிழமை அகன்ற தொப்பி, ஆனால் செருப்பு மட்டும் நாள் முழுக்க நடக்கத் தோதானதாக இருக்கட்டும். மின்ட் ஜூலெப் இனிப்பாக இறங்கும், உள்ளே இருப்பது போர்பன் விஸ்கி. டெர்பி சீட்டை வாங்கிவிட்டு அதைத் தொடுங்கள்.