குழந்தைகளுக்கு இதய அறுவை செய்ய ஏன் தனி டாக்டர்?

மருத்துவம் படிக்கும் உங்கள் மகள் குழந்தைகள் இதய அறுவைத் துறைக்குப் போக ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியவர்களுக்கு பைபாஸ் செய்கிறவரே குழந்தைக்கும் செய்துவிட முடியாதா, அதற்கென்று தனியாக இத்தனை வருடம் படிக்க வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. நான் டாக்டர் இல்லை. அறுவை நடக்கும்போது இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட். இரண்டு தரப்பு நோயாளிகளுக்கும் வேலை பார்த்திருப்பதால், பக்கத்தில் நின்று கவனித்ததைச் சொல்கிறேன்.

பெரியவர்களின் இதயம் பெரும்பாலும் சரியாக உருவாகி, பிறகு பழுதானது. ரத்தக்குழாய் அடைத்திருக்கும், வால்வு சுருங்கியிருக்கும். எது எங்கே இருக்கும் என்பதில் குழப்பம் குறைவு. பிறவிக் கோளாறுள்ள குழந்தையின் இதயம் உருவாகும்போதே வேறு மாதிரி உருவானது. இரண்டு பெரிய தமனிகளும் இடம் மாறியிருக்கலாம். ஒரு பக்கத்து வென்ட்ரிக்கிள், அதாவது ரத்தத்தை வெளியே தள்ளும் கீழறை, வளராமலே போயிருக்கலாம். நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு ஏதோ ஒரு பிறவி இதயக் கோளாறு இருக்கும். அவர்களில் பலருக்கு அறுவையே தேவைப்படாது. தேவைப்படுகிறவர்களில், கோளாறின் பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டு குழந்தைகளின் இதயம் உள்ளே அச்சு அசலாக ஒரே மாதிரி இருப்பதில்லை.

அதனால் நல்ல சர்ஜனுடைய வேலை கத்தியை எடுப்பதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் படமெடுக்கும் சோதனை) எடுத்தவரோடு உட்கார்ந்து, தட்டையான படங்களிலிருந்து அந்த ஒரு குழந்தையின் இதயத்தை மனதுக்குள் முழு வடிவமாகக் கட்டிக்கொள்வார். அறுவையின்போது நாங்கள் இதயத்தை நிறுத்திவிடுகிறோம். உள்ளே ரத்தம் இருக்காது, சுவர்கள் தளர்ந்து கிடக்கும். எக்கோவில் பார்த்த உருவம் அங்கே இருக்காது. தளர்ந்து கிடப்பதைப் பார்த்தபடியே, மறுபடி ரத்தம் நிரம்பித் துடிக்கும்போது இது எவ்வளவு விரியும், வால்வு எந்த இடத்தில் மூடும் என்று கணித்து, ஓட்டையை மூட வைத்துத் தைக்கும் ஒட்டுத் துணியை வெட்ட வேண்டும். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் முதல் திறமை இதுதான். கை நேர்த்தி அடுத்ததுதான்.

கை நேர்த்தியும் சாதாரணமானதில்லை. மூன்று கிலோ எடையுள்ள பச்சிளங்குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 250 மில்லி. என் இயந்திரத்தின் குழாய்களை நிரப்பவே கிட்டத்தட்ட அதே அளவு திரவம் தேவைப்படலாம். இதயம் அந்தக் குழந்தையின் மூடிய கையளவுதான். இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கொரோனரி தமனி ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர், தையல் நூல் தலைமுடியைப் போல மெல்லியது. பூதக்கண்ணாடி அணிந்துதான் தைப்பார்கள். வேகமானவர் என்று பெயர் வாங்கிய சர்ஜன்களைக் கவனித்தால் கை ஒன்றும் பறக்காது. போட்ட தையலைப் பிரித்து மறுபடி போடும் அவசியம் அவர்களுக்கு அரிதாகவே வரும், அவ்வளவுதான்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. கீழறைகளுக்கு இடையிலுள்ள ஓட்டையை மூடும்போது, பல இதயங்களில் அதன் விளிம்பை ஒட்டியே இதயத்தின் மின் தூண்டலைக் கடத்தும் இழை ஓடும். பார்த்தால் தெரியாது. எந்தக் கோளாறில் அது எந்தப் பக்கம் போகும் என்பது சர்ஜனுக்கு அத்துப்படியாக இருக்க வேண்டும். ஒரு தையல் அதில் விழுந்தால் குழந்தைக்கு ஆயுள் முழுக்க பேஸ்மேக்கர் தேவைப்படலாம்.

அப்புறம், காலக் கணக்கு. தமனிகள் இடம் மாறிப் பிறந்த குழந்தைக்கு அவற்றைச் சரியான இடத்துக்கு மாற்றி, கொரோனரிகளையும் பெயர்த்து நடும் அறுவையை 1975ல் பிரேசிலில் அடிப் ஜட்டேனே வெற்றிகரமாகச் செய்தார். இதைப் பொதுவாகப் பிறந்த முதல் சில வாரங்களுக்குள் செய்துவிட வேண்டும். தள்ளிப்போனால் இடது வென்ட்ரிக்கிள் குறைந்த அழுத்தத்துக்குப் பழகி வலுவிழந்துவிடும், உடம்பு முழுவதற்கும் ரத்தம் தள்ள அதனால் முடியாது. ஜட்டேனேவுக்கு முன்பு மேலறைகளுக்குள்ளேயே ரத்தத்தின் பாதையைத் திருப்பிவிட்டார்கள். குழந்தைகள் பிழைத்தார்கள், வளர்ந்தார்கள். ஆனால் உடம்பின் மொத்தச் சுமையையும் வலது வென்ட்ரிக்கிள் சுமந்ததால், பலருக்குப் பல வருடங்கள் கழித்து அது தளர்ந்தது. இன்றைக்கு நன்றாக முடிந்த அறுவை இருபது, முப்பது வருடம் கழித்து என்ன ஆகும் என்பதும் இந்த சர்ஜனின் கவலைதான். குழந்தை வளரும், உள்ளே வைத்த செயற்கைக் குழாய் வளராது. மறுபடி ஒருநாள் மார்பைத் திறக்க வேண்டும் என்று தெரிந்தேதான் இன்று மூடுகிறார்கள். ஒற்றை வென்ட்ரிக்கிள் குழந்தைகள் பலருக்குப் பிறந்தவுடன் ஒன்று, சில மாதங்களில் ஒன்று, பிறகு இரண்டு முதல் நான்கு வயதுக்குள் ஒன்று என்று மூன்று கட்டமாகச் செய்வார்கள்.

என் வேலையைச் சேர்ந்த ஒரு வரலாற்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1954ல் மினசோட்டாவில் வால்டன் லில்லஹை, நம்பகமான இயந்திரம் கைக்கு வராத நிலையில், பெரும்பாலும் தாயையோ தந்தையையோ பக்கத்து மேசையில் படுக்க வைத்து, அவருடைய ரத்த ஓட்டத்தோடு குழந்தையை இணைத்து இதயத்தைத் திறந்தார். இன்று நான் நிற்கும் இடத்தில் அன்று பெற்றவர் படுத்திருந்தார். அப்படிச் செய்த 45 பேரில் 28 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். அதற்குப் பத்து வருடம் முன்பு, 1944ல், பால்டிமோரில் உடம்பு நீலம் பாரித்த குழந்தைக்கு ஆல்ஃபிரட் பிளேலாக் முதல் அறுவை செய்தபோது, அதை ஆய்வுக்கூடத்தில் நாய்களிடம் செய்து பழகியிருந்த விவியன் தாமஸ் அவருக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு தையலுக்கும் யோசனை சொன்னார். தாமஸ் மருத்துவம் படித்தவர் இல்லை. அறுவைக்கான யோசனையை முன்வைத்தவர் ஹெலன் டாசிக் என்ற குழந்தை இதய மருத்துவர்.

தன்னைத் தானே ஆராயும் துணிச்சலும் வேண்டும். லண்டனில் மார்க் டி லெவால் தமனி மாற்று அறுவையை நன்றாகச் செய்துகொண்டிருந்தவர். திடீரென்று அடுத்தடுத்துச் சில குழந்தைகள் இறந்தபோது, விதி என்று விட்டுவிடாமல் தன் முடிவுகளை அலசி 1994ல் வெளிப்படையாகப் பிரசுரித்தார். வேறொரு மையத்துக்குப் போய்த் திரும்பக் கற்றுக்கொண்டார். நான் இந்தத் துறையில் மிகவும் மதிக்கும் செயல் அது.

சரி, எத்தனை வருடம்? நாட்டுக்கு நாடு மாறும். பொதுவாக மருத்துவப் பட்டம், அறுவைப் பயிற்சி, இதய-மார்பு அறுவைப் பயிற்சி, அதற்கும் மேல் குழந்தைகளுக்கென்று ஓரிரு வருடம். எல்லாம் முடிந்து தனியாக நிற்கும்போது வயது முப்பதைத் தாண்டி வெகுவாக ஓடியிருக்கும். அப்போதும் மூத்தவர் ஒருவர் எதிரே நிற்க, எளிய ஓட்டைகளில் தொடங்கித்தான் பச்சிளங்குழந்தையின் சிக்கலான அறுவைக்கு வர முடியும். இந்தப் படிகளைத் தாண்டிக் குதிக்க ஆசைப்படுகிறவர்களை நினைத்தால் எனக்குப் பயம்.

உங்கள் மகளுக்கு என் யோசனை இது. அறுவை அரங்குக்குள் நுழைய இப்போதே அவசரப்பட வேண்டாம். அவள் கல்லூரியின் உடற்கூறு அருங்காட்சியகத்தில் பதப்படுத்திய பிறவிக் கோளாறு இதயங்கள் இருந்தால், அனுமதி வாங்கிக் கையில் எடுத்து, எந்த அறை எங்கே திறக்கிறது என்று வரைந்து பார்க்கட்டும். பிறகு குழந்தைகள் இதய ஐசியூவில் ஓர் இரவு இருந்து பார்க்கக் கேட்கட்டும். அறுவை முடிந்த முதல் இரவில் சர்ஜன் எத்தனை முறை திரும்பி வருகிறார், நர்ஸிடம் என்னென்ன கேட்கிறார் என்று கவனித்தால் போதும், இந்த வேலை தனக்கு வேண்டுமா என்று அவளுக்கே தெரிந்துவிடும்.