ஸ்கோர் நோட்டுக்காரிக்கு

கேள்வி: டீச்சர், எனக்கு 15 வயது. அடுத்த வருடத்துக்குப் பாடம் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் பள்ளியில் உடற்கல்வியும் விளையாட்டுத் தலைமைப் பயிற்சியும் சேர்ந்த ஒரு பாடம் இருக்கிறது. சேர ரொம்ப ஆசை. ஆனால் நான் வேகமாக ஓட மாட்டேன். இதுவரை எந்த டீமிலும் என்னை எடுத்ததில்லை. மேட்ச் என்றால் ஸ்கோர் நோட்டைக் கையில் கொடுத்து ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள். அப்பா, "விளையாடுறதுக்கு எதுக்குப் புத்தகம்?" என்கிறார். தோழி, "ஈஸியான பாடம், மார்க் அள்ளலாம், வா" என்கிறாள். டீமிலேயே இல்லாத ஒருத்தி விசில் ஊதினால் யாராவது கேட்பார்களா? (பெயர் வேண்டாம்)

பதில்: உன் கடிதத்தில் மூன்று பேர் பேசுகிறார்கள். அப்பா, தோழி, கடைசி வரியில் நீ. அந்தக் கடைசி வரிக்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் நேராக அங்கே போக மாட்டேன். பல வருடம் பி.டி. டீச்சராக இருந்தவள், வார்ம்-அப் இல்லாமல் எதையும் தொடங்கிப் பழக்கமில்லை.

முதலில் தோழி. ஈஸி என்று நம்பிச் சேர்ந்தவர்கள் முதல் பரீட்சைப் பேப்பரைப் பார்த்ததும் முகம் போகிற போக்கை நான் பார்த்திருக்கிறேன். கிரவுண்டில் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு வகுப்பறையிலும் உண்டு. சில இடங்களில் வகுப்பறைதான் அதிகம். இங்கிலாந்தில் 16 வயதுவாக்கில் எழுதும் பள்ளித் தேர்வான ஜி.சி.எஸ்.இ.யின் உடற்கல்வியில் 60 சதவீதம் எழுத்துத் தேர்வுக்குத்தான் போகிறது. எலும்பு, தசை, இதயம், மூச்சு, நெம்புகோல், மனப் பதற்றம் என்று படிக்க நிறைய இருக்கிறது.

400 மீட்டர் ஓட்டத்தை ஓரமாக உட்கார்ந்து பார்த்திருப்பாய். 300 மீட்டர் வரை பறந்து வந்த பெண், கடைசி நேர்க்கோட்டில் சேற்றுக்குள் ஓடுகிற மாதிரி ஆகிவிடுவாள். பெஞ்சில் இருப்பவர்கள் "ஸ்டாமினா இல்லை" என்று முடித்துவிடுவார்கள். பாடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. தசையில் தயாராக இருக்கும் ஏ.டி.பி., கிரியேட்டின் பாஸ்பேட் என்ற இரண்டு சக்திப் பொருட்களும் முழு வேகத்தில் ஏறக்குறைய 10 நொடிக்குத்தான் தாங்கும். அதற்குப் பிறகு, ஆக்சிஜனுக்குக் காத்திருக்காமல் குளுக்கோஸை உடைத்து உடம்பு சமாளிக்கிறது. அது வேகமான வழி, ஆனால் தசைக்குள் அமிலத்தன்மை ஏறும், ஒரு நிமிடம் போல ஆனதும் கால் கல்லாகும். அதற்கும் மேலே நீண்டுகொண்டே போகும் ஓட்டத்துக்கு ஆக்சிஜன் வழிதான் பிரதானம். 100 மீட்டர்க்காரிக்கும் மாரத்தான்காரிக்கும் ஒரே பயிற்சியைக் கொடுக்கக் கூடாது என்பதற்கான காரணம் இவ்வளவுதான்.

இதோடு சேர்த்து ஒரு வாக்குமூலம். மறுநாள் கால் வலித்தால் "லாக்டிக் ஆசிட் தேங்கியிருக்கு" என்று நானே பல பேட்ச் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தப்பு. லாக்டேட் ஓடி முடித்த ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு வந்துவிடும். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் படி இறங்க முடியாமல் படுத்தும் வலி, பழக்கமில்லாத வேலையால் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதத்திலிருந்து வருவது. யாராவது ஒரு மாணவி அன்றைக்கே எழுந்து "எப்படி டீச்சர்?" என்று கேட்டிருந்தால் நான் சீக்கிரம் திருந்தியிருப்பேன். நீ கேட்கிற ஆளாகத் தெரிகிறாய்.

சரி, அப்பா. அவரோடு சண்டை போடாதே. ஒரு கணக்கைக் கொடுத்துப் பார். 13 டீம் வருகிறது. நாக்-அவுட் வைத்தால் மொத்தம் எத்தனை மேட்ச்? பெரும்பாலானோர் அட்டவணை போட ஆரம்பிப்பார்கள். தேவையில்லை. ஒவ்வொரு மேட்ச்சிலும் ஒரு டீம் வெளியே போகிறது, கடைசியில் ஒன்று மிஞ்ச வேண்டும், ஆக 12 மேட்ச். 16க்கு மூன்று குறைவதால் முதல் சுற்றில் மூன்று டீமுக்கு 'பை', அதாவது ஆடாமலே அடுத்த சுற்று. அதே 13 டீமை லீக் முறையில் எல்லோரோடும் எல்லோரையும் ஆடவிட்டால் 13ஐ 12ஆல் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும், 78 மேட்ச். இரண்டு கிரவுண்டும் ஒரு சனிக்கிழமையும் மட்டும் கையில் இருந்தால் என்ன செய்வாய்? குரூப் பிரிப்பாயா, ஆட்ட நேரத்தைக் குறைப்பாயா, ஒரே டீம் அடுத்தடுத்து ஆடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வாய்? அவர் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தால் உன் வேலை பாதி முடிந்தது.

அதற்கும் மசியவில்லை என்றால் டிக் ஃபாஸ்பரியைச் சொல். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் முதுகைக் கம்பிக்குக் காட்டி 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியவர். உடம்பு வில்லாக வளைந்து கம்பிக்கு மேலே போகும்போது, அதன் ஈர்ப்பு மையம், அதாவது மொத்த எடையும் சமநிலையாகும் புள்ளி, கம்பிக்குக் கீழேயே கடந்துவிட முடியும். அது பிசிக்ஸ். விளையாடுவதற்குப் புத்தகம் வேண்டாம் என்று அப்பா சொல்வது ஒரு அளவுக்கு உண்மைதான். விளையாட வைப்பதற்கு வேண்டும்.

இப்போது உன் கேள்வி.

நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம், 24 பிள்ளைகள், 40 நிமிடம். எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஒரு பந்தைக் கொடுத்து, ஒவ்வொருத்தராக வந்து கோல் அடிக்கச் சொன்னேன். ஒழுங்கான வரிசை, சத்தம் இல்லை, எனக்கோ பெருமை. வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மூத்த வாத்தியார் ஒருவர் அப்புறம் கூப்பிட்டு, "ஒரு பிள்ளை எவ்வளவு நேரம் விளையாடிச்சு?" என்று மட்டும் கேட்டார். ஒரு முறைக்கு 10 நொடி. 24 பேர் முடிய 4 நிமிடம். 40 நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு 10 முறை, மொத்தம் 100 நொடி. மீதி 38 நிமிடத்துக்கு மேல் முன்னால் நிற்பவளின் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த வகுப்பில் 4 பந்து கேட்டு வாங்கி, ஆறு ஆறு பேராக நான்கு வரிசை. அதே 40 நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு 40 முறை. சத்தம் காதைப் பிளந்தது, ஆனால் அதுதான் வகுப்பு.

அந்த 24 பேரில் யார் வேகமாக ஓடுகிறார்கள் என்று அந்த மூத்தவர் கேட்கவில்லை. நான் எவ்வளவு வேகமாக ஓடுவேன் என்றும் கேட்கவில்லை. வரிசையில் சும்மா நிற்பவர்களைப் பார்த்தார். டீமின் நட்சத்திர ஆட்டக்காரிக்கு இது பெரும்பாலும் கண்ணில் படாது, ஏனென்றால் பந்து எப்போதும் அவளிடம்தான் இருக்கும். ஓரத்தில் நோட்டோடு உட்கார்ந்திருப்பவளுக்குத்தான் தெரியும்.

கூடைப்பந்து எப்படி வந்தது தெரியுமா? 1891 டிசம்பர், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு. குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாமல் அடங்காமல் திரிந்த 18 பேர் கொண்ட ஒரு வகுப்பு ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியரின் தலையில் விழுந்தது. உள்ளரங்கில் ஆடும்படி ஏதாவது கண்டுபிடி என்று இரண்டு வாரம் கெடு. அவர் யோசித்த விதம்தான் எனக்குப் பிடிக்கும். ஆட்டக்காரர்கள் ஏன் மோதி விழுகிறார்கள்? பந்தோடு ஓடுவதால். சரி, பந்தோடு ஓடக் கூடாது. ஏன் பந்தை வெறிகொண்டு எறிகிறார்கள்? கோல் நேர் எதிரே நிற்பதால். சரி, கோலைத் தலைக்கு மேலே வைத்தால் பந்தை வளைத்துப் போட வேண்டியிருக்கும், முரட்டுப் பலம் உதவாது. பீச் பழக்கூடை இரண்டை 10 அடி உயரத்தில் ஆணியடித்து, 13 விதிகளை எழுதி ஒட்டினார். முதல் ஆட்டத்தில் மொத்தமே ஒரு கூடைதான் விழுந்ததாம். அடிப்பக்கம் மூடிய கூடை என்பதால் பந்தை எடுக்க ஆள் ஏற வேண்டியிருந்தது. அதைப் பற்றி யாருக்கு என்ன, 18 பேரும் ஆடினார்கள்.

"யாராவது கேட்பார்களா?" முதல் ஐந்து நிமிடம் கேட்க மாட்டார்கள். டீமில் இருப்பவள் ஊதினாலும் அப்படித்தான். அதற்குச் சில தொழில் ரகசியங்கள் உண்டு. வெயில் உன் முகத்தில் படும்படி நில், அவர்கள் கண்ணில் படக் கூடாது. எல்லோரும் உன் முன்னால் இருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஒருத்தர்கூட வேண்டாம். விதியெல்லாம் சொல்லி முடித்துவிட்டு ஆட்டம் தொடங்காதே. இரண்டு விதியோடு தொடங்கு, மூன்றாவதை ஆட்டம் சிக்கும்போது சொல். பேச்சைவிடச் செய்துகாட்டுவது மேல், உனக்குச் செய்யவரவில்லை என்றால் நன்றாகச் செய்கிறவளைக் கூப்பிட்டுச் செய்யச் சொல், அவளுக்கும் சந்தோஷம். விசிலைச் சும்மா சும்மா ஊதினால் அதை ஒரு பறவைச் சத்தமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

கத்தி அடக்கலாமே என்று தோன்றும். 1939இல் உளவியலாளர் கர்ட் லெவினும் உடன் இருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தப் பாடத்தில் வரும். 10 வயதுப் பையன்களைச் சிறு குழுக்களாக்கி, வெவ்வேறு விதமான தலைவர்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதிகாரம் செய்யும் தலைவரின் குழுவில், அவர் அறையில் இருக்கும் வரை வேலை நன்றாக நடந்தது. அவர் வெளியே போனதும் படுத்துவிட்டது. கலந்து பேசி முடிவெடுக்க வைத்தவரின் குழு, அவர் போன பிறகும் வேலையைத் தொடர்ந்தது. இதை எந்தப் பி.டி. டீச்சரும் ஆபீஸுக்கு ஒரு நடை போய் வந்து சோதித்துக்கொள்ளலாம். ஆனால் அதிகாரமும் சில சமயம் வேண்டும். ஈட்டி எறியும் இடத்தில் ஓட்டெடுப்பு நடத்த முடியாது.

அப்படி அடம்பிடிக்க வேண்டிய இன்னொரு இடம் தலையில் அடி. மோதி விழுந்தவளுக்குத் தலை சுற்றுகிறது, குழம்பிப் பேசுகிறாள், அல்லது உனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்றாலே வெளியே கூட்டி வந்துவிட வேண்டும். அன்றைக்கு அவள் திரும்ப இறங்கக் கூடாது, டாக்டர் பார்க்க வேண்டும். இறுதிப் போட்டியாக இருக்கும், அவள்தான் கேப்டனாக இருப்பாள், "எனக்கு ஒண்ணுமில்ல" என்பாள், கூட்டம் உன்னைத் திட்டும். விசில் ஊதுவதில் கஷ்டமான பகுதி இதுதான். வேகமாக ஓடுவது இங்கே எதற்கும் உதவாது.

ஆட்டத்தை ஆளுக்கேற்ப மாற்றுவதும் இதில் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. இடம், செய்யும் வேலை, கருவி, ஆட்கள் என்ற நான்கில் ஒன்றைத் தொட்டாலே ஆட்டம் மாறும். பார்வையற்றோர் ஆடும் கோல்பாலில் பந்துக்குள் மணி இருக்கிறது, எல்லோருக்கும் கண்ணைக் கட்டிவிடுகிறார்கள், பார்வையாளர்கள் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1946இல் உருவானது. நம் பள்ளிகளில் நன்றாகக் கண் தெரிகிற பிள்ளைகளைக்கூட ஓரத்தில் உட்கார வைத்துவிடுகிறோம், அது வேறு கதை.

ஒரு எச்சரிக்கை சொல்லாமல் விட்டால் நான் நல்ல டீச்சர் இல்லை. கையெழுத்துப் போடும் முன் உன் பள்ளியில் செய்முறை மதிப்பெண் எப்படி என்று விசாரித்துக்கொள். நான் சொன்ன ஜி.சி.எஸ்.இ.யில் செய்முறைக்கு ஆடித்தான் காட்ட வேண்டும், மூன்று விளையாட்டுகளில். பயிற்சியாளராக நின்று அந்த மார்க்கை வாங்க முடியாது. அதற்கு அடுத்த ஏ-லெவலில் ஆட்டக்காரராகவோ பயிற்சியாளராகவோ மதிப்பெண் பெறலாம். உன் பள்ளியில் எது என்று தெரிந்த பிறகு முடிவெடு. ஆட வேண்டியிருந்தாலும் பயப்படாதே, வேகம் மட்டும் ஆட்டம் இல்லை. பேட்மிண்டனில் இடம் பார்த்துப் போடத் தெரிந்தால் போதும், எதிரில் இருப்பவளை ஓட வைக்கலாம்.

உன் ஓட்டத்தை மற்றவர்களோடு வைத்துப் பார்ப்பதையும் கொஞ்சம் நிறுத்து. பீப் டெஸ்ட் தெரியுமல்லவா, 20 மீட்டர் இடைவெளியில் சத்தத்துக்கு ஏற்ப ஓடித் திரும்புவது? வழக்கமான வடிவத்தில் மணிக்கு 8.5 கிலோமீட்டரில் தொடங்கி, ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு முறை அரை கிலோமீட்டர் கூடும். இன்று எங்கே நின்றாய் என்று எழுதி வை. வாரம் மூன்று நாள், கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டி ஓடு. இரண்டு மாதம் கழித்துத் திரும்பச் செய்து பார். அந்த இரண்டு எண்ணுக்கும் இடையில் உள்ளதை விளக்கத் தெரிந்தால், அதுவே பரீட்சையில் ஒரு கேள்விக்கான விடை.

அடுத்த மேட்ச்சுக்கு ஸ்கோர் நோட்டைக் கொடுப்பார்கள் இல்லையா, வாங்கிக்கொள். இடது பக்கம் வழக்கம்போல ஸ்கோர். வலது பக்கத்தில் ஒரே ஒரு ஆளின் பெயரை எழுது, டீமிலேயே யார் கண்ணிலும் படாதவள் பெயரை. 10 நிமிடத்தில் பந்து அவளிடம் எத்தனை முறை வந்தது என்று கோடு போடு. இரண்டோ மூன்றோதான் வரும், பூஜ்யமாகக்கூட இருக்கலாம். அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு உன் பி.டி. டீச்சரிடம் போய், அடுத்த பயிற்சியில் ஒரு 10 நிமிடம் உனக்குக் கொடுக்கச் சொல்லிக் கேள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.