30 கிராம் போட்டும் அயோடின் ஏன் குறைகிறது?

கேள்வி: வாலிநோக்கம் பக்கம் சின்ன உப்பளம் வைத்திருக்கிறோம். ஒரு டன் உப்பில் 30 கிராம் அயோடின் இருக்க வேண்டும் என்றார்கள். பொட்டாசியம் அயோடேட் 30 கிராம் நிறுத்து, தண்ணீரில் கரைத்துத் தெளித்தோம். ஆய்வுக்குக் கொடுத்தால் 18 பிபிஎம்தான் (பத்து லட்சம் பங்கு உப்பில் 18 பங்கு அயோடின்) வருகிறது. மருந்து மட்டமா, கலந்தது சரியில்லையா?

பதில்: இரண்டும் இல்லை. 18 வந்திருப்பதே நீங்கள் ஒழுங்காகக் கலந்திருக்கிறீர்கள் என்பதற்குச் சாட்சி. பிசகு எடைக் கணக்கில் இருக்கிறது.

நீங்கள் நிறுத்த வெள்ளைத் தூள் முழுவதும் அயோடின் அல்ல. அணு எடைப்படி அதில் பொட்டாசியம் 39.1, அயோடின் 126.9, ஆக்சிஜன் மூன்று அணுக்கள் சேர்ந்து 48, மொத்தம் 214. 126.9-ஐ 214-ஆல் வகுத்தால் 0.593. அதாவது தூளில் 59.3 சதவீதம்தான் அயோடின். பள்ளியில் சதவீத இயைபு என்று படித்தோமே, அதுதான் இது. 30 கிராம் தூளில் இருப்பது 17.8 கிராம் அயோடின். ஒரு டன் என்பது பத்து லட்சம் கிராம் என்பதால், அது அப்படியே 17.8 பிபிஎம்.

சரி, 30 வர எவ்வளவு போடுவது? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். குறைகிற 40.7 சதவீதத்தை 30-உடன் கூட்டி 42 கிராம் போடுவார்கள். 25 பிபிஎம்மில் நின்றுவிடும். கூட்டக் கூடாது, வகுக்க வேண்டும். 30-ஐ 0.593-ஆல் வகுத்தால் 50.6 கிராம். டப்பாவில் தூய்மை 99 சதவீதம் என்று போட்டிருந்தால் இன்னொரு முறை 0.99-ஆல் வகுங்கள்: 51.1 கிராம்.

அப்புறம், ஈரம். பாத்தியிலிருந்து வாரிய கையோடு தெளித்தால், வடிகிற தண்ணீரோடு அயோடேட்டும் போய்விடும். குவியல் நன்றாக வடிந்த பிறகு தெளியுங்கள். கடையில் விற்கும்போது 15 பிபிஎம்முக்குக் குறையக் கூடாது. வயிற்றில் வளரும் குழந்தையின் மூளைக்கு வேண்டிய சத்து இது; அதனால் இந்தக் கணக்கில் நான் கறாராகத்தான் இருப்பேன்.

பொட்டாசியம் அயோடைடு வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அதில் அயோடின் 76.4 சதவீதம், 39.3 கிராமே போதும். ஆனால் நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில், மெக்னீசியம் கலந்த கல்லுப்பில், அது நிலைக்காது. சாக்கிலேயே அயோடின் பறந்துவிடும். அயோடேட்டே போடுங்கள்.

51 கிராமைக் கடைத் தராசில் துல்லியமாக நிறுக்க முடியாது. பத்து டன்னுக்குச் சேர்த்து 511 கிராம் நிறுத்து, ஒரு கேனில் போட்டு, மொத்தம் 15 லிட்டர் வரும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். அடியில் தூள் தங்காமல் முழுவதும் கரைந்த பிறகு, டன்னுக்கு ஒன்றரை லிட்டர் அளந்து எடுத்து, உப்பைப் புரட்டிக்கொண்டே தெளியுங்கள்.