சாப்பிட்டுப் பார்

அன்புள்ள ஐயா,

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து ஈரோட்டில் வேலை செய்கிறேன். ஜப்பானுக்கு வேலைக்குப் போகும் ஆசையில் மூன்று மாதமாக ஜப்பானிய மொழி படிக்கிறேன். டிசம்பரில் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலையான என்5 எழுதப்போகிறேன். ஒரு மாதமாக, பொருளைக் குறிக்கும் சீன எழுத்துகளான கான்ஜியில் தினமும் 20 எழுதிப் பழகுகிறேன், 500ஐத் தாண்டிவிட்டேன். ஆனால் யாராவது ஒரு வாக்கியம் பேசினால் புரிவதில்லை. கான்ஜியோடு சேர்த்து வேறு எதைப் படிக்க வேண்டும்? எழுத்தின் உறுப்புகளைத் தனியாகப் படிக்கவா? தூரிகை எழுத்துப் பயிற்சி உதவுமா? சீனமும் கற்றால் எளிதாகுமா? நான் தமிழ் மீடியம். புத்தகமெல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதால், முதலில் ஆங்கிலத்தைச் சரிசெய்துகொண்டு பிறகு இதற்கு வரலாமா என்றும் தோன்றுகிறது.

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

சீனம் வேண்டாம். ஒரு கிணற்றில் தண்ணீர் வரவில்லை என்று பக்கத்திலேயே இன்னொன்று தோண்டுவானேன்? தூரிகை பிடித்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள், கைக்கு நல்லது. உறுப்புகளில் ஒலியைக் காட்டும் பகுதியை மட்டும் கவனித்தால் போதும். கோயிலைக் குறிக்கும் எழுத்துக்கு ‘ஜி’ என்று ஓர் ஒலி. அதே வடிவம் ‘நேரம்’, ‘பிடி’ ஆகிய எழுத்துகளின் வலப்பக்கம் உட்கார்ந்து அங்கேயும் ‘ஜி’ என்றே ஒலிக்கும். ‘காத்திரு’ என்ற எழுத்திலும் அதே கோயில் உண்டு, ஆனால் அங்கே ஒலி ‘தாய்’. அதனால் ரொம்ப நம்பிவிடாதீர்கள்.

இனி அந்த 20 கணக்கு. ஜப்பானியக் குழந்தை முதல் வகுப்பில் ஒரு வருடம் முழுக்கப் படிப்பது 80 கான்ஜி. ஆறு வருடத்தில் 1,026. அதுவும் வீட்டில் நாள் முழுக்க அந்த மொழியிலேயே பேசி, சண்டை போட்டு, அழுதுவிட்டு வரும் குழந்தை. நீங்கள் 80ஐ நான்கே நாளில் முடிக்கிறீர்கள். பொதுப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்த 2,136ஐயும் உங்கள் வேகத்தில் 107 நாளில் முடித்துவிடலாம். முடித்த பிறகும் யாராவது பேசினால் புரியாது. இத்தனைக்கும் அந்தத் தேர்வில் ஒரு கான்ஜியைக்கூடக் கையால் எழுதச் சொல்ல மாட்டார்கள், எல்லாம் விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். கேட்டுப் புரிந்துகொள்வதற்கு மட்டும் 180இல் 60 மதிப்பெண். அதில் 19 வாங்காவிட்டால் மற்றதில் எவ்வளவு வாங்கினாலும் தோல்வி. நீங்கள் காதைப் பூட்டிவைத்துவிட்டுக் கையை ஒடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

எழுத்தைச் சொல்லாகவே படியுங்கள். உயிர், பிறப்பு என்று பொருள்படும் கான்ஜியை நான் ‘செய்’ என்று மனப்பாடம் செய்திருந்தேன். சென்செய், அதாவது ஆசிரியர், என்ற சொல்லில் வரும் செய். ஜப்பானில் ஒரு சின்ன உணவகத்தின் பலகையில் அதே எழுத்தைப் பார்த்துவிட்டு, கம்பீரமாக “செய் பீரு” கேட்டேன். கடைக்காரப் பாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அங்கே அது ‘நமா’. நாம் பச்சை முட்டை, பச்சைத் தண்ணீர் என்கிறோமே, அந்தப் பச்சை. உணவகத்தில் நமா பீரு என்றால் பாட்டிலில் அடைக்காமல் பீப்பாயிலிருந்து பிடித்துத் தரும் பீர்.

சரி, உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். கடிதமே அதுதான், அதைக் கொண்டுபோய்க் கடைசியில் ஒளித்துவைத்திருக்கிறீர்கள். ஜப்பானியம் படிக்க முதலில் ஆங்கிலமா? ஈரோட்டிலிருந்து கோவைக்குப் போக யாராவது சென்னை ரயில் ஏறுவார்களா?

உங்கள் புத்தகத்தில் ‘தெ வடிவம்’ என்று ஒன்றை அத்தியாயம் அத்தியாயமாக விளக்கியிருப்பார்கள். பள்ளியில் நீங்கள் படித்த வினையெச்சம்தான் அது. தபெதெ என்றால் சாப்பிட்டு. (ஜப்பானியத்தைத் தமிழில் எழுதினால் கொஞ்சம் கோணும், பொறுத்துக்கொள்ளுங்கள்.) மிரு என்றால் பார். தபெதெ மிரு, சாப்பிட்டுப் பார். கத்தெ என்றால் வாங்கி, ஒகு என்றால் வை. கத்தெ ஒகு, வாங்கி வை. இரு என்றால் அங்கேயும் இருதான். தபெதெ இரு, சாப்பிட்டுக்கொண்டிரு. இதையெல்லாம் ஆங்கிலத்தில் விளக்க அரைப் பக்கம் வேண்டும். ‘நான் நேற்று வாங்கிய புத்தகம்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் ஜப்பானியத்தில் வைக்கலாம், நம் பெயரெச்சம் போல. ஆங்கிலத்தில் புத்தகத்தை முன்னால் தூக்கிப் போட்டுவிட்டு மற்றதைப் பின்னால் இழுக்க வேண்டும். ஒபசன் அத்தை, ஒபாசன் பாட்டி. குறில் நெடில் தெரிந்தவனுக்கு இது ஒரு பாடமா? வினைச்சொல்லில் கான்ஜிக்குப் பின்னால், ஒலியை மட்டும் காட்டும் ஹிரகனா எழுத்து ஏன் வாலாகத் தொங்குகிறது என்று ஆங்கிலம் வழியே படிப்பவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். விகுதி சேராத சீன மொழிக்கு அமைந்த எழுத்தைக் கொண்டுவந்து, விகுதி மாறிக்கொண்டே இருக்கும் மொழிக்குப் பூட்டினால் வேறென்ன செய்வது? பகுதி கான்ஜியில், விகுதி ஹிரகனாவில். ஹிரகனா அட்டவணையையே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: அ இ உ எ ஒ, பிறகு க ச த ந, கடைசியில் ம ய ர வ. சமஸ்கிருத எழுத்து படித்த பௌத்தத் துறவிகள் வழியாக அங்கே போன வரிசை அது.

ஜப்பானியத்துக்கு மூலமே தமிழ்தான் என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் வாதிட்டார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. அந்தப் பெருமை எனக்கும் வேண்டாம். கையில் சாவி இருக்கும்போது கூரையைப் பிரிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

1994இல் சென்னையில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்திருந்தேன். கடைசி பெஞ்சில் அம்பத்தூர் பட்டறை ஒன்றின் லேத் மெஷின்காரர், நாற்பது வயதிருக்கும். பயிற்சிக்காக நகோயாவுக்குப் போகவிருந்தவர். ஒருநாள் ‘தெ ஷிமத்தா’ என்ற முடிவு பாடத்தில் வந்தது. செயல் முற்றுப்பெற்றதையும் அதனால் வரும் வருத்தத்தையும் குறிக்கும் துணைவினை என்று ஆசிரியர் ஆங்கிலத்தில் விளக்கினார். நாங்கள் எழுதிக்கொண்டோம், ஒருவருக்கும் புரியவில்லை. பின்னாலிருந்து அவர் குரல்: “காப்பியக் கொட்டிட்டேன்னு சொல்றோமே, அதானே சார்?”

அதேதான். அதைவிடச் சரியான விளக்கத்தை இன்றுவரை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. ஆசிரியர், ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த மாதம் அவர் வரவில்லை.

என் நோட்டைத் திருப்பி அனுப்ப விலாசம் வாங்கி வைத்திருந்தார். ஒரு வருடம் கழித்து நகோயாவிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. முழுக்க ஹிரகனா, குழந்தைகள் புத்தகத்தில் இருப்பதுபோல் சொல்லுக்குச் சொல் இடம் விட்டு எழுதியிருந்தார். ஒரு கான்ஜிகூட இல்லை. குளிர் அதிகம், சாப்பாடு பழகிவிட்டது, மெஷின் புதுசு. கடைசி வரி, கிதெ மிதெ குதசாய். வந்து பாருங்கள். அன்றைக்கு எனக்கு 300 கான்ஜி தெரியும், அப்படி ஒரு அட்டை எழுத வராது.

தம்பி, டிசம்பருக்கு முன் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். ஜப்பானியத்தில், ஹிரகனாவில் மட்டும். ஈரோட்டில் சாயங்காலம் நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதினால் போதும்.