பிரிட்டனுக்குள்ளேயே சுற்றும்போது மோட்டார்ஹோமை இரவில் எங்கே நிறுத்துவது?

கேள்வி: எங்கள் மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறை, கழிப்பறை உள்ள வீட்டு வண்டி) 7 மீட்டர் நீளம், 2.9 மீட்டர் உயரம். பிரான்சில் ஊருக்கு ஊர் ‘ஏர்’ எனப்படும் மோட்டார்ஹோம் நிறுத்தங்கள் இருப்பதால் முன்பதிவு இல்லாமலே போய்வந்து பழகிவிட்டோம். இந்த ஆண்டு கடல் தாண்டாமல் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மட்டும் சுற்ற நினைக்கிறோம். தினமும் பெரிய கேம்ப்சைட்டில் இடம் பிடிக்காமல், ஓரிரவு தங்கிப் போகும் இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது? லே-பையில், அதாவது சாலையோர ஒதுக்கிடத்தில், நிறுத்தித் தூங்குவது சட்டப்படி தவறா?

பதில்: பிரான்சில் நகராட்சி தரும் வசதியை இங்கே பெரும்பாலும் விவசாயியும் பப் உரிமையாளரும்தான் தருகிறார்கள். பிரான்சின் ஏர் போன்ற நிறுத்தங்கள் இங்கே மிகக் குறைவு. ஆகவே காலியான இடத்தைத் தேடி அலைவதைவிட, ‘வந்து நிறுத்திக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும் அதிகாரமுள்ள ஆளைத் தேடுங்கள். இந்த ஒரு மாற்றத்தைச் செய்துகொண்டால் பிரிட்டனிலும் கேம்ப்சைட் இல்லாமல் வாரக்கணக்கில் சுற்ற முடியும்.

நிலைமை இப்படி இருப்பதற்கு முக்கியக் காரணம் 1960-ஆம் ஆண்டின் கேரவன் தளச் சட்டம். அந்தச் சட்டத்தின்படி மோட்டார்ஹோமும் ஒரு கேரவன்தான், அதாவது தங்குவதற்கான வண்டிதான். கேரவனில் ஆட்கள் தங்குவதற்கு நிலம் விடுபவர் உள்ளாட்சியிடம் தள உரிமம் பெற வேண்டும். ஆனால் சில விலக்குகள் உண்டு. உங்களுக்கு முக்கியமானவை இரண்டு. முதலாவது: பயணத்தில் இருப்பவர் ஒரே ஒரு வண்டியை இரண்டு இரவுக்கு மிகாமல் நிறுத்தினால் உரிமம் வேண்டாம். அப்போது அந்த நிலத்தில் தங்குவதற்கான வேறு வண்டி இருக்கக்கூடாது. கடந்த 12 மாதங்களில் அப்படி நிறுத்தப்பட்ட நாள்கள் மொத்தம் 28-ஐத் தாண்டக்கூடாது. இரண்டாவது: விலக்குப் பெற்ற சங்கம் ஒன்று சான்றளித்த நிலத்தில் அதன் உறுப்பினர்கள் ஒரே நேரத்தில் ஐந்து வண்டிகள் வரை நிறுத்தலாம். பப் உரிமையாளர் சில வேளை ‘இன்று ஏற்கெனவே ஒரு வண்டி இருக்கிறது’ என்று மறுப்பதற்கு இந்த முதல் விலக்குகூடக் காரணமாக இருக்கலாம். வற்புறுத்தாதீர்கள்.

ஐந்து வண்டித் தளங்கள்

உங்கள் தேவைக்கு முதலில் பார்க்க வேண்டியவை, இரண்டாவது விலக்கில் வரும் இந்தத் தளங்கள்தான். கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப்பின் இத்தகைய தளங்களைச் சுருக்கமாக சி.எல். என்பார்கள், கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப்பின் தளங்கள் சி.எஸ். பெரும்பாலும் பண்ணையின் ஓர் ஓரம், பழத்தோட்டம், பப்புக்குப் பின்னாலிருக்கும் புல்வெளி. சி.எல். தளத்தில் குடிநீர்க் குழாயும், கழிப்பறை கேசட்டை (கழற்றி எடுக்கும் கழிவுப் பெட்டி) காலிசெய்யும் இடமும் கட்டாயம் இருக்கும். மின் இணைப்பு சிலவற்றில் மட்டும். குளியலறை இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வாடகை பெரிய கேம்ப்சைட்டைவிடப் பொதுவாகக் குறைவு. ஆண்டில் ஏழெட்டு இரவு தங்கினாலே கிளப் உறுப்பினர் சந்தாப் பணம் பெரும்பாலும் திரும்பிவிடும் என்பது எங்கள் கணிப்பு.

பதிவு செய்யும்போது மூன்று கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள். தரை புல்லா, கல் பரப்பியதா? வாசலின் அகலம் எவ்வளவு, உள்ளே 7 மீட்டர் வண்டி திரும்புமா? கழிப்பறைக் கழிவு போவது செப்டிக் டேங்குக்கா? முதல் கேள்வி மழைக்காலத்தில் உங்களைக் காப்பாற்றும். முன்சக்கர இழுவை உள்ள மோட்டார்ஹோமில் பின்பக்கம்தான் பாரம் அதிகம். ஈரப் புல்லில் முன்சக்கரம் பிடிப்பின்றிச் சுழன்று பள்ளம் தோண்டிக்கொள்ளும். சரிவு இருந்தால் காலையில் இறக்கத்தில் வெளியேறும்படி நிறுத்துங்கள். மூன்றாவது கேள்வி விவசாயிக்காக: ஃபார்மால்டிஹைடு கலந்த நீல நிறக் கழிப்பறை மருந்து, செப்டிக் டேங்கில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். செப்டிக் டேங்க் உள்ள இடத்துக்கு ஃபார்மால்டிஹைடு இல்லாத பச்சை வகை மருந்தே போதும்.

கோடையில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. 2023 ஜூலை முதல் இங்கிலாந்தில் நில உரிமையாளர்கள் நிலப் பயன்பாட்டுக்கான திட்ட அனுமதிக்குத் தனியே விண்ணப்பிக்காமல், உள்ளாட்சிக்கு அறிவித்துவிட்டு, ஆண்டில் 60 நாள் வரை 50 இடங்கள் கொண்ட தற்காலிக முகாம் நடத்தலாம். இதில் கூடாரத்தோடு கேம்பர்வேனும் மோட்டார்ஹோமும் அடங்கும். இழுத்துச் செல்லும் கேரவன் அடங்காது. ஜூலை, ஆகஸ்ட்டில் சாலையோரப் பலகைகளில் தெரியும் பண்ணை முகாம்கள் பலவும் இந்த வகைதான்.

பப்பில் நிறுத்துவது

பலர் நினைப்பதைவிட இது எளிது. காலையில் அல்லது மதியம் மூன்று மணிவாக்கில், சமையலறை ஓய்வாக இருக்கும் நேரத்தில் தொலைபேசியில் கூப்பிடுங்கள். வண்டியின் நீளத்தை முதலிலேயே சொல்லுங்கள். ‘இரவு அங்கேயே சாப்பிடுகிறோம், மேசை ஒன்று வேண்டும், கார் நிறுத்தத்தில் ஓரிரவு தூங்கிக்கொள்ளலாமா’ என்று நேரடியாகக் கேளுங்கள். திங்கள் முதல் வியாழன் வரை பதில் பெரும்பாலும் சாதகமாக வரும். வெள்ளி, சனியில் வாடிக்கையாளரின் கார்களுக்கே இடம் போதாது. அனுமதி தந்தவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் வேலைக்கு வருபவருக்கு விஷயம் தெரியாமல் போவதுதான் இங்கே அடிக்கடி நேரும் சிக்கல். கார் நிறுத்தத்தை வேறு நிறுவனம் கேமரா வைத்து நடத்தினால் வண்டி எண்ணைக் கவுண்டரில் பதியச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பப் அனுமதித்திருந்தும் அபராதக் கடிதம் வீடு தேடி வரும்.

மது அருந்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, அளவுக்கு மேல் குடித்துவிட்டு வண்டியை ஓட்டுவது மட்டுமல்ல, பொது இடத்தில் வண்டியின் ‘பொறுப்பில்’ இருப்பதும் குற்றமாகலாம். பப்பின் கார் நிறுத்தமும் பொது இடமாகக் கருதப்படலாம். போதை தெளியும்வரை ஓட்டும் வாய்ப்பே இல்லை என்று நிரூபிப்பதுதான் தற்காப்பு. ஆகவே திரைகளை மாட்டி, படுக்கையை விரித்து, சாவியை ஓட்டுநர் இருக்கையிலிருந்து தள்ளி வையுங்கள். பெரிய ஆபத்து மறுநாள் காலைதான். 4 சதவீத பீர் ஒரு பைன்ட் (அரை லிட்டருக்குச் சற்று மேல்) ஏறத்தாழ 2.3 யூனிட் (ஒரு யூனிட் என்பது 10 மில்லி தூய ஆல்கஹால்), உடல் மணிக்கு ஒரு யூனிட் அளவில்தான் வெளியேற்றும். இரவு 11 மணிவரை நான்கு பைன்ட் குடித்தவர் காலை 8 மணிக்குப் புறப்படுவது ஆபத்து. ஸ்காட்லாந்தில் வரம்பு இன்னும் கடுமை: 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 80.

நகராட்சிக் கார் நிறுத்தங்களும் மோட்டர்வே சர்வீஸும்

நகராட்சிக் கார் நிறுத்தத்தில் உங்களுக்கு முதல் தடை, உயரமான வண்டிகளைத் தடுக்க வாசலில் குறுக்கே வைக்கும் உயரக் கம்பி; பெரும்பாலும் 2 மீட்டரை ஒட்டியே இருக்கும். கம்பி இல்லாவிட்டாலும் கட்டணப் பலகையை முழுக்கப் படியுங்கள். ‘இரவில் நிறுத்தக்கூடாது’ என்பதும் ‘வண்டியில் தூங்கக்கூடாது’ என்பதும் வெவ்வேறு விதிகள். இரண்டாவது விதி உள்ள இடத்தில் 24 மணி நேரச் சீட்டு வாங்கினாலும் தூங்க உரிமை வராது. கார் நிறுத்தக் கோடு போட்ட வழக்கமான ஒரு கட்டத்தின் அளவு 2.4 × 4.8 மீட்டர், உங்கள் வண்டி 2.2 மீட்டர் வெளியே நீட்டும், கோட்டைத் தாண்டியதற்கே அபராதம் போடலாம். பின்பக்கம் புல்வரப்பு இருக்கும் கட்டத்தில் வண்டியின் வால் அதன் மேல் நீட்டும்படி நிறுத்துவது ஒரு வழி. இரண்டு கட்டத்துக்கு இரண்டு சீட்டு வாங்குவதைச் சில நகராட்சிகள் ஏற்கும், சில ஏற்காது. வரவேற்கும் ஊர்களும் உண்டு: கேன்டர்பரியின் நியூ டோவர் ரோட் பார்க் அண்ட் ரைடில் (வண்டியை விட்டுவிட்டு ஊருக்குள் பேருந்தில் போகும் நிறுத்தம்) மோட்டார்ஹோம்களுக்கென இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். போகும் ஊரின் நகராட்சித் தளத்தில் ‘மோட்டார்ஹோம்’ என்று தேடிப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

மோட்டர்வே சர்வீஸில், அதாவது விரைவுச் சாலையோர ஓய்விடத்தில், இரண்டு மணி நேரம் இலவசம். அதன் பிறகு கட்டணம் கட்டாவிட்டால் கேமரா காட்டிக்கொடுக்கும். 100 பவுண்டு வரை கேட்பார்கள். மோட்டார்ஹோமுக்குக் கார் கட்டணமா, லாரிக் கட்டணமா என்பதைப் பலகையில் பாருங்கள். குளிர்பதன லாரிகள் இரவெல்லாம் இரையும். படகைப் பிடிக்கவோ களைப்பாலோ தவிர நாங்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை.

லே-பையில் தூங்கலாமா?

வண்டிக்குள் தூங்குவது மட்டும் தனியே ஒரு குற்றமல்ல. ஆனால் சாலையில் இரவைக் கழிக்கும் உரிமையும் உங்களுக்கு இல்லை. போக்குவரத்து ஆணை தடைசெய்திருந்தால், வழியை மறைத்திருந்தால் நகர்த்த வேண்டியதுதான். பலர் மறப்பது விளக்கு: வேக வரம்பு 30 மைலைத் தாண்டிய சாலையிலும் அதன் லே-பையிலும் இரவில் நிறுத்தும் வண்டியில் பார்க்கிங் விளக்கு எரிய வேண்டும் என்கிறது பிரிட்டனின் சாலை விதிநூலான ஹைவே கோட், 249-ஆம் விதியில். இரவு முழுக்க அது எஞ்சின் பேட்டரியைத் தின்னும். அதனால்தான் ஏ சாலை (முக்கியச் சாலை) லே-பை நல்ல படுக்கையறை அல்ல. மண் மேட்டாலோ மரவரிசையாலோ சாலையிலிருந்து பிரிந்த பழைய வளைவாக இருந்தால் ஓரளவு அமைதி கிடைக்கும். தனியார் நிலத்தில் அனுமதியின்றி நின்று, ‘கிளம்புங்கள்’ என்று சொன்னால் உடனே கிளம்புங்கள். வண்டியோடு தங்கியவர் சேதமோ பெரும் தொல்லையோ விளைவித்து, கேட்டும் போக மறுப்பது 2022 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றம்.

ஸ்காட்லாந்தில் ‘எங்கும் தங்கலாம்’ என்பது வண்டிக்குப் பொருந்தாது. 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் தரும் உரிமையில் மோட்டார் வாகனம் சேராது. இங்கிலாந்தின் டார்ட்மூர் தேசியப் பூங்காவில் 2025 மே மாதம் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த முகாம் உரிமையும் நடந்தோ குதிரையிலோ போகிறவர்களுக்கானதே. ஸ்காட்லாந்தில் நீங்கள் நம்பிப் பார்க்கத்தக்கது, அரசுக் காடுகளைப் பராமரிக்கும் ஃபாரஸ்ட்ரி அண்ட் லேண்ட் ஸ்காட்லாந்தின் ‘ஸ்டே தி நைட்’ திட்டம்: குறிப்பிட்ட காட்டுக் கார் நிறுத்தங்களில், தனக்கு வேண்டியதைத் தானே சுமக்கும் வண்டிகள் மாலை 6 முதல் காலை 10 வரை ஓரிரவு நிற்கலாம். பட்டியல் மாறுவதால் புறப்படும் வாரத்தில் மறுபடி பாருங்கள். லாக் லோமண்ட் தேசியப் பூங்காவின் சில பகுதிகளில் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை தங்குவதற்குக் கட்டுப்பாடு உண்டு. அங்கே அனுமதிச் சீட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்குங்கள். ஒற்றைத் தடச் சாலையில் எதிர் வண்டிக்கு வழிவிடும் ஒதுக்கிடத்தில் ஒருபோதும் இரவில் நிற்காதீர்கள். ஆம்புலன்சுக்கும் அதுவே வழி.

வண்டி எத்தனை இரவு தாங்கும்?

கேம்ப்சைட் இல்லாத பயணத்தில் முதலில் முடிவது பெரும்பாலும் கேசட்தான். கொள்ளளவு 17 முதல் 20 லிட்டர். இருவருக்கு இரண்டு மூன்று நாள். எனவே இரண்டு ‘சுதந்திர’ இரவுக்குப் பின் ஒரு சி.எல். அல்லது கேம்ப்சைட் என்று வழியைப் போடுங்கள். பாத்திரம் கழுவிய நீரை மழைநீர் வடிகாலில் விடாதீர்கள். அது நேரே ஆற்றுக்குப் போகும்.

100 ஆம்ப்-மணி ஈய பேட்டரியில் பயன்படுத்தத்தக்கது 50 தான். குளிர் இரவில் டீசல் ஹீட்டர் 15 முதல் 20, விளக்கு, பம்ப், தொலைபேசி எல்லாம் சேர்த்து ஏழெட்டு. ஓரிரவு தாராளம், இரண்டாவது இரவு இழுபறி. கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் இருந்தால் நாளுக்கு இன்னும் 30 முதல் 40 போகும். பகலில் மூன்று மணி நேரம் ஓட்டியும் பேட்டரி ஏறவில்லை என்று வருபவர்களிடம் நாங்கள் முதலில் பார்ப்பது எஞ்சின் பக்கத்திலிருந்து வீட்டு பேட்டரியை (தங்கும் பகுதிக்கான பேட்டரி) ஏற்றும் பேட்டரி-டு-பேட்டரி சார்ஜர் இருக்கிறதா என்பதை. யூரோ 6 புகை விதிக்கேற்ற எஞ்சின்களின் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் (மின்னாக்கி) தேவைப்படாதபோது மின்னழுத்தத்தைக் குறைத்துவிடும். பழைய ரிலே அமைப்பில் வீட்டு பேட்டரி பாதியிலேயே நின்றுவிடும்.

எரிவாயு: நவம்பர் முதல் மார்ச் வரை புரோப்பேன் மட்டும், கேலர் நிறுவனத்தின் சிவப்பு சிலிண்டர். நீலத்தில் வரும் பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கும்போதே ஆவியாக மறுக்கும். அதிகாலை நான்கு மணிக்கு எரிவாயு ஹீட்டர் அணைந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஒரு நாளின் ஒழுங்கு

முந்தைய இரவே மறுநாள் நிற்கும் வட்டாரத்தை முடிவு செய்து, மூன்று இடங்களைக் குறியுங்கள்: ஒரு சி.எல்., ஒரு பப், ஒரு கட்டண நிறுத்தம். பார்க்4நைட், சர்ச் ஃபார் சைட்ஸ் போன்ற செயலிகள் உதவும், ஆனால் நட்சத்திரத்தைவிடக் கருத்தின் தேதியைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு முந்தைய ‘அருமையான இடம்’ இன்று தடைப்பலகையோடு நிற்கலாம். செயற்கைக்கோள் படத்தில் நுழைவாயிலையும் உயரக் கம்பியின் நிழலையும் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். காலை 10 மணிக்குத் தொலைபேசி, மாலை 5 மணிக்குள் இடத்தில். இருட்டியபின் புதுப் பண்ணைச் சாலையில் 7 மீட்டர் வண்டியைத் திருப்புவது வேண்டாத வேதனை. முதல் இடம் கைவிட்டால் 20 மைலுக்குள் இரண்டாவது இருக்க வேண்டும். அதற்காகவே டீசல் கால் டேங்குக்குக் கீழே போகாமல் வைத்திருங்கள். பல டீசல் ஹீட்டர்களும் அந்த அளவுக்குக் கீழே எரிபொருளை உறிஞ்சாது.