காஞ்சி முதல் காசி வரை: பாரம்பரியப் பயணக் கேள்விகளும் பதில்களும்

வடஇந்தியாவையும் தென்னிந்தியாவையும் சேர்த்துப் பார்க்கும் பாரம்பரியப் பயணம் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். சிறு குழுக்களைப் பழைய கோயில்களுக்கும் தலைநகரங்களுக்கும் பல வருடங்களாக அழைத்துப் போகிறவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி (கோயம்புத்தூர்): அண்ணா, எனக்குப் பத்து நாள் விடுப்பு. டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், காசி, கஜுராஹோ, ஹம்பி, தஞ்சாவூர் எல்லாம் ஒரே சுற்றில் பார்க்க முடியுமா?

பதில்: வேண்டாம் தம்பி. பாதி நாள் ரயிலிலும் விமான நிலையத்திலும் போய்விடும். மீதி நாளில் ஒவ்வொரு இடத்திலும் வாசலில் நின்று படம் எடுக்கத்தான் நேரம் இருக்கும். ஊர்ப் பெயர்களைச் சேர்ப்பதை விட்டுவிட்டு ஒரு கதையைப் பிடித்துக்கொண்டு போங்கள். பத்து நாளுக்கு நான் சொல்லும் வழி இது: காஞ்சிபுரம், பாதாமி, பட்டடக்கல், எல்லோரா, அஜந்தா.

ஏன் என்று சொல்கிறேன். பல்லவர்களும் சாளுக்கியர்களும் நூறு வருடத்துக்கு மேல் மாறி மாறி அடித்துக்கொண்டவர்கள். 642இல் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியத் தலைநகரான வாதாபியை, அதாவது இன்றைய பாதாமியை, பிடித்தான். அவனுடைய கல்வெட்டு இன்றும் அங்கே ஒரு பாறையில் சிதைந்த நிலையில் இருக்கிறது. அதற்குப் பழிவாங்க ஏறக்குறைய நூறு வருடம் கழித்துச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான். நுழைந்தவன் ஊரைக் கொளுத்தவில்லை. பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய கைலாசநாதர் கோயிலைப் பார்த்தான், அதன் செல்வத்தைத் திரும்பக் கோயிலுக்கே கொடுத்துவிட்டான். இதைக் கோயிலின் முன்மண்டபத் தூண் ஒன்றில் கன்னடத்தில் வெட்டியும் வைத்தான். காஞ்சிக்குப் போனால் அந்தத் தூணைக் காட்டச் சொல்லுங்கள். தமிழ் மன்னனின் கோயிலில், ஜெயித்தவனின் மொழியில், தோற்றவனின் கோயிலுக்கு மரியாதை!

கதை அங்கே முடியவில்லை. கணவன் விக்கிரமாதித்தன் காஞ்சியை மூன்று முறை வென்றதன் நினைவாக அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் ஒரு கோயில் எழுப்பினாள். இன்று விருபாக்ஷர் கோயில் என்று அழைக்கப்படும் அது தெற்கத்திய பாணியில் இருக்கிறது. காஞ்சி கைலாசநாதரைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சாயல் உடனே தெரியும். கட்டிய தச்சன் குண்டன் அனிவாரிதாசாரியின் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது. சில வருடங்களில் ராஷ்டிரகூடர்கள் சாளுக்கியர்களை வீழ்த்தினார்கள். அவர்களில் முதலாம் கிருஷ்ணன் காலத்தில், எல்லோராவில் ஒரு மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து கைலாசர் கோயிலை உண்டாக்கினார்கள். அதன் அமைப்புக்கு முன்மாதிரி பட்டடக்கல் விருபாக்ஷர் கோயில்தான். காஞ்சியில் கண்ட ஒரு வடிவம் இரண்டு அரச வம்சங்களின் கை மாறி மகாராஷ்டிர மலைக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதைக் கண்ணால் தொடர்ந்து பார்ப்பதற்குப் பத்து நாள் தாராளம்.

வழி: சென்னையிலிருந்து ஹூப்ளி வரை ரயில், அங்கிருந்து பாதாமி சுமார் 105 கிலோமீட்டர். பாதாமியில் தங்கிக்கொண்டு பட்டடக்கல், ஐஹொளே இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். அப்புறம் விஜயபுரா வழியாக சோலாப்பூர் போய், அங்கிருந்து சாலை வழியே ஔரங்காபாத் (இப்போது சத்ரபதி சம்பாஜிநகர்). விஜயபுராவில் இறங்கி, கோல் கும்பஸ் என்ற பெரிய குவிமாடக் கல்லறையைப் பார்க்காமல் போகாதீர்கள்.

கேள்வி (திருநெல்வேலி): வடக்கத்திய கோயில், தெற்கத்திய கோயில் என்று பார்த்தவுடன் எப்படிச் சொல்வது ஐயா?

பதில்: கருவறைக்கு மேலே எழும் விமானத்தைப் பாருங்கள். வடக்கின் நாகர பாணியில் அது அடியிலிருந்து உச்சி வரை ஒரே வளைவாக உள்நோக்கிச் சாய்ந்து மேலே போகும். உச்சியில் நெல்லிக்காயைப் போல வரி வரியாக வெட்டிய தட்டையான வட்டக்கல் இருக்கும். தெற்கின் திராவிட பாணியில் தளம் தளமாக அடுக்கி வரும், ஒவ்வொரு தளத்தின் விளிம்பிலும் கர்ணகூடு, சாலை என்று குட்டிக் கோயில்கள் வரிசையாக நிற்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் மறுபடியும் பட்டடக்கல்தான். அங்கே கலகநாதர் கோயில் நாகரம், அதன் பக்கத்திலேயே நிற்கும் சங்கமேஸ்வரர் திராவிடம். ஒரே ஆற்றங்கரை, ஒரே மணற்கல். இதைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியாது.

கேள்வி (சேலம்): தஞ்சைப் பெரிய கோயிலின் நிழல் தரையில் விழாது, உச்சியில் 80 டன் ஒற்றைக்கல் என்கிறார்கள். உண்மையா சார்?

பதில்: இரண்டும் இல்லை. மாலை நேரத்தில் போனால் நிழல் தரையில் நீளமாக விழுவதை நீங்களே பார்க்கலாம். உச்சிக் கல்லும் பல துண்டுகளைச் சேர்த்து அமைத்ததுதான்.

இந்தக் கதைகளைச் சொல்லிச் சொல்லி உண்மையான அதிசயத்தை மறைத்துவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். சுமார் 216 அடி விமானத்தை உள்ளே கூடாக விட்டு, கல்லை மேலே போகப் போக உள்நோக்கி நகர்த்தி அடுக்கியிருக்கிறார்கள். ராஜராஜனின் 25ஆம் ஆட்சியாண்டு, 275ஆம் நாள் கலசம் கொடுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. அது 1010ஆம் ஆண்டு. அதே சுவர்களில் கோயிலில் ஆடப் பல ஊர்களிலிருந்து வரவழைக்கப்பட்ட 400 பெண்களின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொருத்தியின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்று எல்லாம் இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சாதாரண மனிதர்களின் பெயர்களை இப்படி வீட்டு எண்ணோடு வேறெங்கே படிக்க முடியும்? விமானத்தை அண்ணாந்து பார்த்தது போதும், அடிப்பகுதியில் அரைமணி நேரம் நடங்கள்.

அடுத்த நாள் கங்கைகொண்டசோழபுரம். ராஜேந்திரனின் படை கங்கை வரை போய் நீர் கொண்டுவந்ததன் நினைவாக எழுந்த தலைநகரம் அது. தஞ்சை விமானம் நேர்க்கோட்டில் ஏறும், இது உள்வளைவோடு ஏறும். சாளுக்கிய, கலிங்க நாட்டுச் சிற்பங்கள் இந்தக் கோயிலிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருக்கின்றன. போரில் எடுத்து வந்தவை. தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் ராஜேந்திரனின் மகன் ராஜாதிராஜன் சாளுக்கியத் தலைநகர் கல்யாணபுரத்தை அழித்துக் கொண்டுவந்த துவாரபாலகரும் நிற்கிறார், பீடத்தில் அந்தச் செய்தியைத் தமிழில் வெட்டியிருக்கிறார்கள். காஞ்சித் தூணையும் இந்தச் சிலையையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். ஒருவன் கொள்ளையடிக்காமல் போனான், இன்னொருவன் தூக்கி வந்தான். நம் மன்னர் என்பதற்காக இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

கேள்வி (மதுரை): அம்மாவுக்குக் காசி பார்க்க வேண்டும். எனக்கு வரலாற்றில் ஆர்வம். விஸ்வநாதர் தரிசனம் தவிர அங்கே என்ன பார்க்கலாம்?

பதில்: நல்ல சேர்க்கை. முதலில் ஒன்று: காசியில் இன்று நிற்கும் கட்டடங்கள் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டும் அதற்குப் பிந்தியவையும்தான். விஸ்வநாதர் கோயிலே 1780இல் இந்தூர் அரசி அகல்யாபாய் ஹோல்கர் எழுப்பியது. பழமையான கட்டடத்தைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். பழமையான வாழ்க்கையைத் தேடிப் போங்கள்.

தமிழர்களுக்கு அங்கே சொந்தமாகவே ஒரு காசி உண்டு. கேதார படித்துறையில் குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் நிறுவிய குமாரசாமி மடம் இருக்கிறது. திருப்பனந்தாள் காசி மடம் அதன் தொடர்ச்சி. காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த அந்தப் படிகளில் நின்றால் சுற்றிலும் தமிழ் காதில் விழும். 1813இல் தொடங்கிய நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்திலிருந்து விஸ்வநாதர் பூஜைக்குப் பொருட்கள் போகும் வழக்கம் தலைமுறைகளாக நடக்கிறது. அனுமன் படித்துறையில் பாரதியார் 1898 முதல் சில வருடம் தங்கிப் படித்த அவருடைய அத்தை வீடு இருக்கிறது, அங்கே அவருக்கு நினைவிடமும் உண்டு. காலையில் கேதாரிலிருந்து அனுமன் படித்துறை வரை அம்மாவோடு மெதுவாக நடந்தாலே இந்த இரண்டு இடமும் முடிந்துவிடும்.

ஒரு அரை நாள் சாரநாத்துக்கு. பத்து கிலோமீட்டர்தான். நம் ரூபாய் நோட்டில் இருக்கும் அசோகரின் சிங்கத் தூண் தலைப்பு அங்குள்ள அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. அதன் பளபளப்பு 2200 வருடத்துக்கு மேற்பட்டது. வெள்ளிக்கிழமை விடுமுறை.

கேள்வி (ஈரோடு): கஜுராஹோவுக்கு வயதான பெற்றோரோடு போகலாமா? சங்கடமாக இருக்குமோ?

பதில்: தாராளமாகப் போங்கள். நீங்கள் சங்கடப்படும் காமச் சிற்பங்கள் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. முகம் பார்க்கும் பெண், காலில் முள் எடுப்பவள், போர்வீரர், யானை, இசைக் கலைஞர் என்று, இந்தக் கோயில்களைக் கட்டிய சந்தேல மன்னர்கள் காலத்து வாழ்க்கையே சுவரில் இருக்கிறது. நேராகக் கந்தாரிய மகாதேவர் கோயிலுக்குப் போய், தூரத்தில் நின்று அதன் சிகரத்தைப் பாருங்கள். சின்னச் சிகரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் பெரிய சிகரத்தோடு சேரும். மலைத்தொடர் என்பார்கள், பொருத்தம்தான். படிகள் மட்டும் உயரம். முழங்கால் வலி இருந்தால் லட்சுமணர், கந்தாரியர் இரண்டை மட்டும் ஏறச் சொல்லுங்கள்.

கேள்வி (சென்னை): டெல்லியில் ஒரே நாள். செங்கோட்டையா, குதுப் மினாரா?

பதில்: குதுப். மினாரைவிட அதன் பக்கத்து மசூதியில் நேரம் செலவிடுங்கள். பழைய கோயில்களின் தூண்களை எடுத்து அடுக்கியிருப்பதும், முதல் வளைவுகளை உள்ளூர்க் கொத்தர்கள் தங்களுக்குத் தெரிந்தபடி கல்லை நீட்டி நீட்டி அமைத்திருப்பதும் தெரியும். சில அடி தள்ளி, 1311இல் கட்டிய அலாய் தர்வாஸா என்ற வாசலில், ஆப்பு வடிவக் கற்கள் ஒன்றையொன்று தாங்கும் உண்மையான வில்வளைவு வந்துவிட்டது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டில் ஒரு கைவேலை எப்படி மாறியது என்பதை அந்தச் சில நிமிட நடையில் பார்க்கலாம்.

கேள்வி (யாழ்ப்பாணம்): இலங்கைக் கடவுச்சீட்டுடன் வந்தால் வெளிநாட்டுக் கட்டணமா, அண்ணா?

பதில்: தொல்லியல் துறை இடங்களில், இலங்கையும் சேர்ந்த சார்க் எனும் தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவருக்கு இந்தியர்களின் கட்டணமே. நுழைவுச் சீட்டு வாங்கும்போது கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும், சீட்டு கொடுப்பவர் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள். தாஜ்மகால் மட்டும் விதிவிலக்கு: அங்கே சார்க் நாட்டவருக்குத் தனிக் கட்டணம், கல்லறை மண்டபத்துக்கு எல்லோருக்குமே கூடுதல் சீட்டு. 15 வயதுக்குக் கீழே பிள்ளைகளுக்கு இலவசம்.

கேள்வி (திருச்சி): எந்த மாதம் நல்லது? விடுமுறை நாட்கள்?

பதில்: நவம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை. தாஜ்மகால் வெள்ளி விடுமுறை, செங்கோட்டையும் அஜந்தாவும் திங்கள், எல்லோரா செவ்வாய். எல்லோரா, அஜந்தாவை அதற்கேற்ப மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக் கோயில்களில் நண்பகல் 12 மணியை ஒட்டி நடை சாத்தி 4 மணிக்குத்தான் திறப்பார்கள், அந்த நேரத்தில் அருங்காட்சியகம் போகலாம். வடக்கே டிசம்பர் கடைசியும் ஜனவரியும் மூடுபனி. ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும், விமானங்கள் ரத்தாகும். காலையில் காசியிலிருந்து டெல்லி வந்து இறங்கி அன்று மாலையே சென்னைக்கு விமானம் ஏறுகிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள், நடுவில் ஒரு இரவு டெல்லியில் தங்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.